கட்டிப்போடும் விசாவுக்கு வக்காலத்து

வேலை விசாவில் வெளிநாடு போன நம் பையன்கள் பாதியில் கம்பெனி மாறுவது நன்றிகெட்ட செயல் என்று தீர்ப்பெழுதி, சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆள் அனுப்பும் தொழிலில் நெடுநாள் பழகியவர் என்று கட்டுரையாளர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அவர் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. கள்ளக்குறிச்சியில் ஏஜென்ட் ஆபீஸ் படியேறிய எவரும் இதே பேச்சை, இதே அறிவுரைக் குரலில், பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டே கேட்டிருப்பார்கள். மேஜைக்குப் பின்னாலிருந்து சொன்னவரை அது வியாபாரப் பேச்சு. இப்போது அச்சேறி அறநூலாக நடிப்பதால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவருடைய முதல் வாதம் செலவைப் பற்றியது. முதலாளி கைக்காசு போட்டு ஆளை அழைக்கிறார், போட்ட காசு தேறுமுன் ஆள் வேறிடம் தாவினால் அது திருட்டுக்குச் சமம் என்கிறார். யாருடைய கைக்காசு? கள்ளக்குறிச்சிப் பக்கத்து எங்கள் வடக்கனந்தலில் எந்தத் தெருவிலும் ஒரு விசா வந்த கதையைக் கேட்டுப் பாருங்கள்: தாலிக்கொடி தவிர்த்த நகையெல்லாம் கூட்டுறவு வங்கிக்குப் போயிருக்கும், கோமுகிப் பாசனத்துக் கால் காணி அடமானத்தில் இருக்கும், மீதிக்கு மச்சான் வீட்டில் கைமாற்று, அதற்கும் போதாததற்கு வட்டிக்கடை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின்படி, பதிவுபெற்ற ஏஜென்ட் ஒருவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும். அதற்கும் ரசீது கொடுக்கவேண்டும். இந்தத் தொழிலிலேயே தலைநரைத்த ஒருவர் செலவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார், இந்த ஓர் எண்ணை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. மறதி என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

முதலாளி கட்டுவதாகச் சொல்லப்படும் கட்டணங்கள் முதலாளியின் கையிலிருந்தே போகவேண்டும் என்று சட்டம் போட்ட நாடுகள் பல. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவை நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளி தலையில் ஏற்றக்கூடாது என்கிறது. பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜைத் தொழிலாளியிடம் வசூலிக்க முடியாது. 2024 டிசம்பர் 31 முதல் ஸ்பான்சர் லைசென்ஸ் கட்டணத்தையும் சிஓஎஸ் என்னும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கான கட்டணத்தையும் சேர்த்துத் தடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஹெச்-1பி ஆள் முன்கூட்டியே விலகினான் என்பதற்காக அபராதம் வசூலிப்பதைக் குடியேற்றச் சட்டமே தடைசெய்கிறது. ஆட்களை இறக்குமதி செய்து வாழும் இந்த நாடுகள் இவற்றைத் தர்ம சிந்தனையால் எழுதவில்லை. செலவின் பேரைச் சொல்லி ஆளைப் பிடித்துவைக்கும் வித்தையைக் கண்ணெதிரே பார்த்த பிறகு எழுதின. காசு போட்டவனுக்குத்தான் விசுவாசம் காட்டவேண்டும் என்பது கட்டுரையாளரின் விதியானால், அந்த விதிப்படி முதலில் காசு போட்டவர்கள் பையனும் அவன் குடும்பமும்தான். அப்படியிருக்க, முதலாளி அல்லவா அவர்களுக்கு விசுவாசமாக இருக்கவேண்டும்? ஏஜென்ட் அல்லவா இருக்கவேண்டும்?

அடுத்து அவர் சட்டம் பேசுகிறார். கையெழுத்துப் போட்டவன் காலம் முடியும்வரை இருந்தே தீரவேண்டும், உச்ச நீதிமன்றமே 2025இல் சொல்லிவிட்டது என்று விஜயா வங்கி வழக்கை எடுத்து வீசுகிறார். தீர்ப்பைப் படிக்காமல் தலைப்பை மட்டும் படித்தவருக்கு வரும் துணிச்சல் இது. அந்த வழக்கில் நடந்தது இவ்வளவுதான்: மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுத்துச் சேர்ந்த ஓர் அதிகாரி, முன்னதாகவே ராஜினாமா செய்தார், ஆட்சேபம் தெரிவித்துவிட்டுப் பணத்தைக் கட்டினார், இன்னொரு வங்கியில் சேர்ந்தார். அந்தப் பணத்தை வாங்கியது செல்லுமா என்று வழக்கு. செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. அவர் போனது குற்றம் என்று எந்த நீதிபதி சொன்னார்? அவருடைய குடியுரிமையை யாராவது பிடுங்கினார்களா, தலைமறைவு என்று போலீசில் எழுதிவைத்தார்களா, மறுநாளே ஊரைவிட்டு வெளியேறு என்று சீட்டுக் கொடுத்தார்களா? கட்டுரையாளர் தம் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிட்ட வழக்கு, எதிர்க்கட்சிக்காகப் பேசிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்குகிறது. ஒப்பந்தத்தை மீறினால் நஷ்டஈடு உண்டு, அதன் அளவை நீதிமன்றம் சோதிக்கும், ஆள் தன் வழியே போவான்: நாகரிக உலகில் ஒப்பந்தத்துக்கு இருக்கும் பலம் இவ்வளவே. இஷ்டமில்லாத ஒருவனை இழுத்துவந்து உட்காரவைத்து வேலை வாங்க இந்தியாவில் எந்த நீதிமன்றமும் ஆணையிடாது.

ஆனால் முதலாளியோடு பூட்டப்பட்ட விசா, நீதிமன்றம் செய்ய மறுக்கும் அதே வேலையைச் செய்கிறது. சம்பளப் பாக்கியைக் கேட்ட மறுவாரமே சவூதியில் ஒருவன் பேரில் ஹுரூப் என்னும் தலைமறைவுப் புகாரைப் போட்டுவிட்டால், நேற்றுவரை சிவில் தகராறாக இருந்தது இன்றைக்குப் போலீஸ் விவகாரம். வாதியாக நிற்கவேண்டியவன் அக்காமா என்னும் வசிப்பு அனுமதி செல்லாத குற்றவாளியாக மறைந்து திரிகிறான். சிங்கப்பூரில் பெர்மிட்டை முதலாளி எந்த நேரத்திலும் ரத்துசெய்யலாம். ஸ்கில் டெஸ்ட் அடித்துக் கடன் வாங்கிப் போனவனுக்கு அந்த ஒரு பொத்தானின் பயமே போதும், ஓவர்டைம் கணக்கில் குறைந்த மணியை அவன் கேட்கமாட்டான். இப்படி ஒரு சட்டம் நமக்கும் இருந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் அவனைச் சிறைக்கு அனுப்பலாம் என்று 1859இல் கம்பெனி ஆட்சியின் வாரிசுகள் எழுதினார்கள். முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென்று வந்தது பிறகு பரவியது. 1925இல் அதே வெள்ளைக்கார அரசாங்கம் அதைத் தூக்கிப்போட்டது. அவர்களே வெட்கப்பட்டுக் கைவிட்டதை ஒரு தமிழர் குப்பையிலிருந்து பொறுக்கி ஒழுக்கம் என்று நீட்டுவதைப் பார்க்கும்போது கோபம் வராமல் என்ன செய்யும்?

கட்டுரையின் நடுவே தாமும் ஒரு கரும்பு விவசாயி என்று பெருமையாகச் சொல்கிறார். சொல்லாமலிருந்தால் பிழைத்திருப்பார். 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி ஓர் ஆலைக்கு ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் விளையும் பதிவுக் கரும்பு அந்த ஆலைக்குத்தான் போகவேண்டும். வடக்கனந்தல் பக்கத்தில் கரும்பு போட்டவர்களுக்குக் கச்சிராயபாளையத்துக் கூட்டுறவு ஆலையும் அதன் வெட்டு உத்தரவும் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் வரவேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்பதும் அதே ஆணையில் இருக்கிறது; அந்த வட்டியைக் கையில் வாங்கிய விவசாயியைத்தான் தேடவேண்டியிருக்கிறது. நிலுவைக்காகத் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த நாட்கள் கொஞ்சமா? விலை கூடக் கொடுக்கும் ஆலைக்குக் கரும்பை ஏற்ற முடியாதவன் நிலுவையைப் பொறுத்துக்கொள்வான் என்பது ஆலைக்கு நன்றாகத் தெரியும். தம் கரும்பு ஒரே வாசலில் கட்டப்பட்டிருப்பதை அநியாயம் என்று உணரும் அதே மனிதருக்கு, பக்கத்து வீட்டுப் பையனின் இரண்டு கைகள் ஒரே வாசலில் கட்டப்பட்டிருப்பது மட்டும் தர்மமாகத் தெரிகிறது. வாங்குகிறவன் ஒருவன்தான் என்றால் விலையை அவன்தான் வைப்பான். ஜோன் ராபின்சன் 1933இல் இதற்கொரு கோட்பாடே எழுதினார், ஆனால் அவரைப் படிக்காத நம் ஊர்க் கரும்புக்காரர்கள் அனைவரும் அதை அறிவார்கள். கட்டுரையாளரும் அறிவார். பேனாவை எடுத்தபோது மட்டும் அறியவில்லை.

மூன்றாவது வாதம்தான் ஊரில் அதிகம் எடுபடுகிறது, ஏனென்றால் அது பயத்தை விற்கிறது. ஒருவன் தாவினால் கம்பெனிக்காரன் இந்த மாவட்டத்து ஆட்களே வேண்டாம் என்பான், பின்னால் வருகிறவர்களுக்குக் கதவு அடைபடும் என்கிறார். ஆதாரம் ஏதும் தரவில்லை. நான் தருகிறேன். அமீரகத்தில் 2011க்கு முன்பு ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய முதலாளியின் என்ஓசி இல்லாமல் வேறு கம்பெனிக்குப் போக முடியாது, நாட்டைவிட்டுத்தான் வெளியேறவேண்டும். 2011இல் அந்தத் தேவையை எடுத்தார்கள். அதன் விளைவைச் சம்பளப் பட்டுவாடாப் பதிவுகளை வைத்தே ஆராய்ந்து, சுரேஷ் நாயுடு, யாவ் நியார்கோ, ஷிங்-யி வாங் ஆகிய மூவரும் 2016இல் ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்களின் வருமானம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடியது. அதைவிடக் கட்டுரையாளர் கவனிக்கவேண்டியது வேறொன்று: மாறிக்கொள்ள வழி திறந்த பிறகு அதே கம்பெனியிலேயே தங்கியவர்கள் அதிகமானார்கள். போகலாம் என்றானதும் முதலாளி சம்பளத்தை ஏற்றினான், சம்பளம் ஏறியதும் ஊர் திரும்ப இருந்தவன் திரும்பவில்லை. ஆளைத் தங்கவைத்தது எது, கயிறா கூலியா?

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது, அதை மறைக்கமாட்டேன்: வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது குறைந்தது, புதிதாக வந்தவர்களின் சம்பளமும் சற்று இறங்கியது. உள்ளே இருப்பவனே மலிவாகக் கிடைக்காமல் போனதும், மலிவுக்காகவே ஆள் வரவழைத்தவர்கள் கொஞ்சம் கையைச் சுருக்கினார்கள். கட்டுரையாளர் இதைப் படித்திருந்தால் அவருடைய வாதத்துக்கு ஒரு கால் கிடைத்திருக்கும். அந்தக் காலையும் சேர்த்தே முறிக்கலாம். புதிதாகப் போகிற தம்பிக்கு வாசல் அகலமாக இருக்கவேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே போன அண்ணன் சம்பளம் வராமல் லேபர் கேம்பில் கிடக்கவேண்டும் என்பதா நியாயம்? அதே தம்பி அடுத்த வருடம் அண்ணனாகிவிடுவானே, அப்போது அவனுக்கு என்ன சொல்வார்?

இதற்கிடையே ஒரு பத்தியில், அமெரிக்காவில் ஐடி வேலைக்குப் போன பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறி முன்னேறுகிறார்கள், நம் வெல்டர்களும் அந்த அளவுக்குத் திறமையை வளர்த்துக்கொள்ளவேண்டும் என்று உபதேசிக்கிறார். முந்தைய பத்தியில் திருட்டு, அடுத்த பத்தியில் முன்னேற்றம். ஆறு ஜி வெல்டிங் தேர்வில் தேறிய கை திறமை இல்லாத கையா? ஐடி பிள்ளை மாற முடிவது திறமையால் மட்டும் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது: 2000 அக்டோபரில் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி புதிய கம்பெனி மனுப் போட்டதுமே ஹெச்-1பி ஆள் அங்கே வேலையைத் தொடங்கலாம். வேலை போனால் 60 நாள் அவகாசம் என்பது 2017 ஜனவரியில்தான் வந்தது. அதன் பிறகும் அந்தப் பிள்ளையின் காலில் சங்கிலி இருக்கிறது. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால் இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை எங்கோ நிற்க, கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வருவதற்குள் கம்பெனி மாறினால் லேபர் சான்றிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறவர்கள் நம் மாவட்டத்திலிருந்து போனவர்களிலும் இருப்பார்கள். கட்டுரையாளர் அவர்களிடம் விசாரித்திருக்கலாம்.

பிரிட்டனை அவர் ஒழுங்கான நாடு என்று மெச்சுகிறார். அந்த ஒழுங்கில் என்ன நடந்தது? 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசா திறந்தார்கள். முகவரி மட்டும் இருந்து வேலை இல்லாத கம்பெனிகள்கூட ஸ்பான்சர் ஆயின. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நர்சிங் படித்தவர்கள் லட்சக்கணக்கில் கொட்டிக்கொடுத்துப் போனார்கள். கம்பெனியின் லைசென்ஸ் ரத்தானால் தண்டனை யாருக்கு? பொதுவாக 60 நாளுக்குள் இன்னொரு ஸ்பான்சரைப் பிடித்துப் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும், இல்லையேல் பெட்டி கட்டவேண்டும். தப்புச் செய்தது கம்பெனி, நாடு கடத்தப்படும் பயம் பராமரிப்பாளருக்கு. இப்படி ஸ்பான்சர் இழந்து நின்றவர்கள் எத்தனை பேர் என்றால், 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் வெளிநாட்டு ஆளைத் தேடுமுன் உள்ளே தவிக்கும் இவர்களுக்கு முதலில் வேலை தரப் பார்க்கவேண்டும் என்று அரசாங்கமே விதி போடவேண்டியதாயிற்று. அந்த ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளர் எடுப்பதையே நிறுத்தினார்கள். கதவை அடைத்தது கம்பெனி மாறியவர்களா, மாற முடியாதவர்களை வைத்துக் கொள்ளையடித்தவர்களா? ஆஸ்திரேலியா இந்தப் பாடத்தைக் கொஞ்சம் படித்தது. வேலையை விட்டவன் அடுத்த ஸ்பான்சரைத் தேட முன்பு 60 நாள்தான் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் ஒரே தடவையில் 180 நாள், மொத்தம் 365 நாள் என்று ஆக்கினார்கள். கத்தார் 2020இல் என்ஓசியை எடுத்தது, சவூதி 2021 மார்ச்சில் ஒரு வருட வேலைக்குப் பிறகு மாற வழி விட்டது. சவூதியில் அந்த வழி வீட்டு டிரைவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் தோட்டக்காரருக்கும் கிடைக்கவில்லை. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களை வெளியே நிறுத்தித்தான் கதவைத் திறந்தார்கள். உலகம் இவ்வளவு தூரம் தயங்கித் தயங்கி நகர்ந்திருக்க, கட்டுரையாளர் எந்த ஊரில் நின்று பின்னோக்கி நடக்கிறார்?

கடைசியில் முன்னோர்களைக் கூப்பிடுகிறார். நம் பாட்டன்மார் இலங்கையிலும் மலாயாவிலும் ஒரே துரையிடம் உழைத்துத் தலையெடுத்தார்கள் என்கிறார். இறந்தவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய வரி இது. இலங்கைத் தோட்டங்களில் கங்காணி தன் ஆட்களின் பேரில் துரையிடம் முன்பணம் வாங்குவான். அந்தக் கடனை ஆட்களின் தலையில் எழுதுவான். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய துரையிடமிருந்து துண்டு வாங்கவேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இத்தனை ஆட்களை விடுவிக்கிறேன் என்று எழுதிய சீட்டு அது. புதிய துரை பணத்தைக் கட்டுவான், கடன் புதிய கணக்கில் ஏறும், கங்காணி நடுவில் தன் பங்கை எடுப்பான், ஒவ்வொரு கைமாற்றத்திலும் தொகை பருக்கும். மாற்றம் நடந்தது துரைகளுக்கும் கங்காணிக்கும் இடையே. உழைத்தவர்கள் சீட்டில் எழுதப்பட்ட எண்ணிக்கை. 1921இல் இலங்கை அரசாங்கம் சட்டம் போட்டு அதை ஒழித்தது. அவர்கள் விரும்பி ஒரே இடத்தில் இருந்தார்கள் என்று எழுதுவதற்கு எவ்வளவு அறியாமை வேண்டும், அல்லது அறிந்தே எழுத எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்?

நுவரெலியா வரைக்கும் போகவேண்டாம், வடக்கனந்தலில் நின்று கல்வராயன் மலையைப் பார்த்தால் போதும். மூன்று ஜாகிர்தார்களின் கையில் அந்த மலை 1976 வரை இருந்தது. நாடு விடுதலையாகிக் கால் நூற்றாண்டு கடந்த பிறகும் மலையாளிப் பழங்குடிகள் அவர்களுக்கு வரி கட்டினார்கள், கூலியில்லா வேலை செய்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அதே 1976இல்தான். அந்த மலையின் பேரப்பிள்ளைகள் இன்றும் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கேரளத்துக்கும் குடகுக்கும் எஸ்டேட் வேலைக்கு லாரி ஏறுகிறார்கள். அட்வான்ஸ் கழியும்வரை இடம் மாற முடியாது. இந்த அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், கட்டிவைத்து வேலை வாங்குவதை நம் மரபு என்று எழுதினால், மரபு என்று அவர் சொல்வது ஜாகிர்தாரின் மரபைத்தான்.

இனி அவருடைய அக்கறையின் கணக்கைப் பார்க்கலாம். பையன் அங்கேயே வேறு நல்ல கம்பெனி பார்த்து ரிலீஸ் வாங்கி மாறிவிட்டால் ஏஜென்டுக்கு ஒரு காசும் இல்லை. மாற முடியாமல், சம்பளம் சரியாக வராமல், எக்ஸிட் அடித்து ஊர் திரும்பினால்? அவன் மறுபடி அதே படியேறி மறுபடி பணம் கட்டுவான். அவன் விட்ட இடத்துக்கு இன்னொருவன் பணம் கட்டிப் போவான். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் இருந்தான். பக்கத்து யார்டிலேயே அவனை எடுத்துக்கொள்ள ஆள் இருந்தும் ரிலீஸ் கிடைக்காமல் திரும்பிவந்து, பழைய கடன் அடையுமுன் புதுக் கடன் வாங்கிப் போயிருக்கிறான். அவன் இரண்டு முறை கட்டிய பணம் யார் பெட்டிக்குப் போனது? தொழிலாளி ஓர் இடத்தில் கட்டுண்டு கிடப்பதில் முதலாளிக்கு இருக்கும் லாபத்துக்கு அடுத்தபடியாக லாபம் பார்ப்பவர், அதே கட்டை நன்றியுணர்வு என்று நமக்குப் போதிக்கிறார்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு திட்டமும் வைத்திருக்கிறார்: கம்பெனி மாறியவர்களின் பெயர்ப் பட்டியலை ஏஜென்டுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு, அவர்களை மறுபடி எங்கேயும் அனுப்பக்கூடாதாம். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி, பசியும் வறுமையும் ஒருவனுக்கு வேறு வழியில்லாமல் ஆக்கி வேலை வாங்குவதும் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்புத்தான் என்று விளக்கினார். பட்டியல் போட நினைப்பவர்கள் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்கட்டும். அதன் பிறகும் போட்டுத்தான் தீருவோம் என்றால், ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இன்னும் மூன்று கட்டங்கள் இருக்கட்டும்: அவனிடம் எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவுக்கு ரசீது கொடுத்தீர்கள், சம்பளம் நின்ற மாதம் அவன் போன் செய்தபோது எடுத்தீர்களா. குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பட்டியலின் முதல் பிரதி அங்கே போகட்டும்.